கேட்கக் கூசியவர்கள்

சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ நாவலை மூன்றாம் முறை படித்தபோது ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியவை. வரிசை கிடையாது. சிலவற்றைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன், சிலவற்றை அப்படியே விட்டுவிட்டேன். புத்தகம் என்னுடையது அல்ல, ஒரு தோழியுடையது. வாங்கி நாலு வருஷமாகிறது. அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போது இவ்வளவு கிறுக்கிய பிறகு எந்த முகத்தோடு கொடுப்பது?

*

அழைப்பு மணியில் தொடங்குகிறது கதை. அடித்தவன் கொனல், கதவைத் திறந்தவள் மரியான். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஆனால் பள்ளியில் பேசிக்கொள்வதில்லை. அவன் வந்தது அவளைப் பார்க்க அல்ல, அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்கும் தன் அம்மாவைக் காரில் கூட்டிப்போக. அம்மா வேலையை முடிக்கும்வரை சமையலறையில் இருவருக்கும் பேச்சு. மரியான் சாக்லேட் விழுது ஜாடியில் கரண்டியை விட்டு வழித்துத் தின்றுகொண்டே பேசுகிறாள்.

அவள் வீடு, எப்படி வேண்டுமானாலும் தின்னலாம். அவன் அங்கே விருந்தாளியும் இல்லை, வேலையாளும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே ஒருவனை எங்கே நிற்கவைப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை. நாவல் முழுக்க அவன் அங்கேயேதான் நிற்கிறான்.

*

பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். உச்சரிப்புக்கு நெருங்கி எழுதினால் ‘கானல்’ என்று வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர், கிட்டப் போனால் வெறும் தரை. ஆசிரியருக்கு இது தெரிய நியாயமில்லை. குழப்பம் வேண்டாமென்று ‘கொனல்’ என்றே எழுதிவிடுகிறேன்.

*

பணக்கார வீட்டுப் பெண், ஏழை வீட்டுப் பையன் என்றால் நமக்கு நூறு சினிமா ஞாபகம் வரும். பையன் ஒரு கட்டத்தில் வசனம் பேசுவான். கொனல் பேசுவதில்லை. இன்னொரு விஷயம், பள்ளியில் கை ஓங்கியிருப்பது இவனுடையது. எல்லோருக்கும் பிடித்தவன், பந்தாட்டக்காரன், படிப்பிலும் கெட்டி. மரியானோ ஒதுக்கப்பட்டவள், தனியாக உட்கார்ந்து சாப்பிடுபவள், பசங்களின் கேலிக்கு ஆளாகிறவள். வீட்டுக்குள் அவள் மேலே, வாசலைத் தாண்டினால் அவன் மேலே. டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனதும் தராசு இன்னொரு முறை கவிழ்கிறது. அங்கே அவளுக்கு நண்பர் கூட்டம், இவனுக்கு ஊர்ப்பேச்சும் கூச்சமும்.

தராசின் இரண்டு தட்டும் ஒரே உயரத்தில் நிற்கும் இடங்களை எண்ணிப் பார்த்தேன். படுக்கையறை, மின்னஞ்சல். அப்புறம், கார் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.

*

ரூனி 1991இல் மேயோ மாவட்டத்துக் காஸில்பாரில் பிறந்தவர், டிரினிட்டியில் ஆங்கிலம் படித்தவர். நாவல் வந்தது 2018இல். ஆண்டு முடிவதற்குள் மேன் புக்கர் நெடும்பட்டியல், பிறகு காஸ்டா விருது. இவ்வளவும் அட்டையிலேயே இருக்கும்.

அட்டையில் இல்லாதது ஒன்று. இந்த இருவரும் நாவலுக்கு முன்பே, 2016இல், ஒரு சிறுகதையில் வந்துவிட்டார்கள். அதில் அவர்களுக்கு வயது கூடுதல். கொனலுக்குப் பல்வலி, மரியான் பல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறாள். அந்தப் பல்வலிக்காரர்கள் எப்படி இப்படி ஆனார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்ததுதான் நாவல். ஒரு காதல் கதை பல் ஆஸ்பத்திரியில் பிறந்தது என்பதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

*

பதினெட்டு அத்தியாயங்கள். எதற்கும் தலைப்பு கிடையாது, தேதிதான். முதலாவது ‘ஜனவரி 2011’. பிறகு மூன்று வாரம் கழித்து, ஆறு வாரம் கழித்து, நாலு மாதம் கழித்து என்றே போகும். ஓரிடத்தில் ‘ஐந்து நிமிடம் கழித்து’. கடைசி, 2015 பிப்ரவரி.

ஒவ்வொரு முறையும் நாம் சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறோம். ஏதோ நடந்து முடிந்திருக்கிறது, இருவரும் பிரிந்திருக்கிறார்கள் அல்லது சேர்ந்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் பாதி அத்தியாயம் போன பிறகு சாவகாசமாகச் சொல்வார் ஆசிரியர். கலியாண வீட்டுக்கு முகூர்த்தம் முடிந்து போனவர்போல, பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் வாசிப்பில் இது எரிச்சல் தந்தது. பிறகு புரிந்தது: இவர்கள் வாழ்க்கையில் முக்கியமானது எதுவும் நடக்கும்போது முக்கியமாகத் தெரிவதில்லை. அரை நிமிடப் பேச்சு, ஒரு ‘சரி’. அதன் எடை தெரிய நாலு மாதம் ஆகிறது.

*

டெப்ஸ். அயர்லாந்தில் பள்ளி இறுதி வகுப்பு முடிந்ததும் நடக்கும் நடன விருந்து. ஜோடியாகத்தான் போகவேண்டும். யாரை அழைக்கிறாய் என்பதே ஊர்ப்பேச்சு. மரியானோடு மாதக்கணக்கில் ரகசியமாகப் பழகிய கொனல், வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ரேச்சலை அழைத்துவிடுகிறான். அதைச் சொல்லவும் அவனுக்கு ஒரு சாதாரணக் குரல்தான் கிடைக்கிறது. மரியான் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படிக்கிறாள்.

இதில் வில்லன் யாருமில்லை. பதினெட்டு வயதுப் பையன், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம், அவ்வளவுதான். ‘நாலு பேர்’ என்று நாம் சொல்வது மேற்கு அயர்லாந்தின் சின்ன ஊரிலும் அதே நாலு பேர்தான் போல.

ஆனால் ரூனி ஆணியை அறையும் இடம் வேறு. அந்த விருந்து இரவிலேயே நண்பன் எரிக் போகிறபோக்கில் சொல்கிறான்: உனக்கும் மரியானுக்கும் இருந்தது எங்களுக்கெல்லாம் தெரியுமே. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒருத்தியின் மனதை உடைத்து இவன் காப்பாற்றிய ரகசியத்துக்கு ஊரில் காலணா மதிப்பில்லை.

அந்தப் பக்கத்தில் பென்சில் அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. தோழி மன்னிக்க வேண்டும்.

*

லொரெய்ன். கொனலின் அம்மா. பள்ளியில் படிக்கும்போதே பிள்ளை உண்டாகிப் படிப்பை விட்டவள். அப்பா யார் என்று அவன் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. எந்தக் குறையும் தெரியாமல் வளர்த்திருக்கிறாள். மகன் ரேச்சலை அழைத்தது தெரிந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொள்கிறாள்.

இவள் அந்த வீட்டில் தரை துடைப்பவள். அந்த வீட்டுப் பெண்ணுக்காகத் தன் மகனிடம் கோபித்துக்கொண்டு நடுவழியில் இறங்குகிறாள். நாவலில் யாருடைய அன்பும் இவ்வளவு நிமிர்ந்து நடப்பதில்லை. தனியாக லொரெய்னுக்கு ஒரு நாவல் எழுதலாம். ரூனி எழுதமாட்டார். அவருக்குப் பெரும்பாலும் இருபதைத் தாண்டியவர்களும் முப்பதைத் தொடுகிறவர்களும்தான் ஆகும்.

*

இந்த நாவலின் நடுமையம் எது என்று கேட்டால் எல்லோரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எனக்கு 2012 கோடைக்காலம். கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும்.

கல்லூரி முதலாண்டு முடிகிறது. இருவரும் மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். கொனல் பெரும்பாலான இரவுகள் மரியானின் வீட்டில்தான் தங்குகிறான். அந்த வீடு அவள் பாட்டியுடையது, வாடகை கிடையாது. கொனல் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே வேலை நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கோடை மாதங்களுக்கு அவனால் தன் அறை வாடகையைக் கட்ட முடியாது. தீர்வு கண்முன்னே இருக்கிறது. ‘இந்த ரெண்டு மூணு மாசம் உன் வீட்டில் இருந்துகொள்ளட்டுமா?’ ஒரே வாக்கியம். அவள் யோசிக்கக்கூட மாட்டாள்.

அதை அவனால் கேட்க முடியவில்லை. நாள் தள்ளிப்போகிறது. வாய்வரை வருகிறது, திரும்பிப் போகிறது. கடைசியில் கேட்கவேண்டியதைக் கேட்காமல், கோடைக்கு ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்கிறான். நீ வேறு யாரையாவது பார்த்துக்கொள்வாய் என்று நினைக்கிறேன் என்கிற தொனியில் ஏதோ சேர்த்தும் விடுகிறான். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாள்: ஓ, நம்மை விட்டுப் போகிறான். ‘போகாதே’ என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. அறை வாடகைப் பாக்கியில் ஒரு காதல் முறிந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் ஜேமியோடு போகிறாள். ஜேமி அவளைத் துன்புறுத்துவதில் சுகம் காண்பவன். அதற்குப் பிறகுதான் சுவீடன், லூகாஸ், கேமரா, இன்னொரு வகைச் சித்திரவதை. எல்லாம் அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததன் மீது அடுக்கிய செங்கல்.

இதைப் பலரும் ‘புரிதல் பிசகு’ என்று எழுதினார்கள். ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டார்களாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. காதல் கதைகளில் தவறான புரிதல் என்பது பழைய சரக்கு. ரமணிசந்திரன் நாவல்களில் அதை வைத்தே இருநூறு பக்கம் ஓடும், கடைசிப் பக்கத்தில் விலகும். இங்கே நடப்பது அது அல்ல. நமக்கு இதற்கு நல்ல சொல் இருக்கிறது: கூச்சம். அதற்கும் கீழே தோண்டினால் மானம்.

யோசித்துப் பாருங்கள். அவன் அம்மா வருஷக்கணக்காக அந்தக் குடும்பத்தில் கூலி வாங்கியவள். கொனலின் பள்ளிச் சாப்பாடு, சட்டை, கார் எல்லாவற்றிலும் அந்த வீட்டுக் காசு ஏதோ ஒரு மூலையில் கலந்திருக்கிறது. மரியானின் காதலனாக அவள் படுக்கையில் படுக்கலாம், அங்கே இருவரும் சமம். ஆனால் ‘எனக்கு வாடகை கட்ட வழியில்லை’ என்று சொன்ன நொடி அவன் மறுபடி அந்தச் சமையலறை வாசலில், அம்மா வேலை முடிக்கக் காத்திருக்கும் பையன். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக அவன் அவளையே விட்டுக்கொடுக்கிறான். அறிவுகெட்டதனம்தான். ஆனால் பணத்தைக் கேட்கப் போய் வேறு கதை பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எல்லோருக்கும் இந்த அத்தியாயம் தெரிந்த அத்தியாயம். நானும் ஒரு முறை கல்லூரி விடுதிக் கட்டணத்துக்காகச் சித்தப்பா வீட்டுக்குப் போய், இரண்டு காபி குடித்து, ஊர் நியாயம் பேசி, பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

மரியான் தரப்பு? அவளுக்குப் பணக் கூச்சம் தெரியாது. பணம் இருப்பவர்களுக்கு அது கண்ணிலேயே படாது, காற்றுமாதிரி. அவளுடைய ஊமைத்தனம் வேறு இடத்திலிருந்து வருகிறது. தன்னை யாரும் விரும்பித் தங்கமாட்டார்கள் என்று உள்ளுக்குள் முடிவு கட்டியவள். அதனால் அவன் போகிறேன் என்றதும், எதிர்பார்த்தது நடந்ததுபோல் தலையாட்டிவிடுகிறாள். அவனுக்குத் தன்மானம் அதிகம், அவளுக்குத் தன்மதிப்பே இல்லை. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எழாது.

*

2011 ஜனவரியில் கதை தொடங்குகிறது என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோயிருந்தேன். அதற்கு இரண்டே மாதம் முன்புதான், 2010 நவம்பரில், அயர்லாந்து திவாலாகாமல் இருக்க ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நாணய நிதியமும் சேர்ந்து 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்கு ஏற்பாடு செய்தன. அதற்கு முந்திய பத்தாண்டு, வீடு கட்டிக் கொழுத்த காலம். 2008இல் வங்கிகள் சரிந்தன. பாதி கட்டிய குடியிருப்புகள் நாடெங்கும் அப்படியே நின்றன. 2010இல் அரசு கணக்கெடுத்தபோது 2,800க்கும் மேல். ஆளில்லாத இவற்றுக்குப் பேய்க் குடியிருப்பு என்று பேர்.

நாவலில் அப்படி ஒன்று வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் குடிக்கப் போகும் இடம். கொனலும் மரியானும் ஒரு நாள் அங்கே போகிறார்கள். காலி அறைகள். விற்க முடியாத வீட்டை ஏன் சும்மாவாவது யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று பேச்சு வருகிறது. முதலாளித்துவம் என்று ஒரு பதில் வருகிறது. எல்லாமே அதுதானே என்று சலித்துக்கொள்கிறார்கள். பிள்ளைப் பேச்சு.

ஆனால் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் கழித்து டப்ளினில், ஒருத்தியிடம் வாடகையில்லாத வீடு, ஒருவனுக்குத் தங்க இடமில்லை. அந்தக் காலிவீட்டுக் கேள்வி அப்போதும் அங்கேயே இருக்கிறது. இம்முறை கேட்க ஆளில்லை.

*

டிரினிட்டியில் ‘ஸ்கால்ஸ்’ என்று ஒரு பரீட்சை. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, விரும்பினால் எழுதலாம். தேறினால் கல்விக் கட்டணம் இல்லை, வளாகத்திலேயே இலவச அறை, இரவில் பெரிய உணவுக்கூடத்தில் சாப்பாடு. இருவருமே எழுதுகிறார்கள், இருவருமே தேறுகிறார்கள். அவளுக்கு அது பெருமை. அவனுக்கு அது கூரை.

அந்தக் காசில் அவன் ஐரோப்பா சுற்றப் போகிறான். வியன்னாவில் வெர்மீரின் ஓவியத்தின் முன்னால் ஒரு மத்தியானம் முழுக்க நிற்கமுடிகிறது. வெளிநாட்டு நகரங்கள், பாதாள ரயில்கள், பெர்லின் சுவரின் மிச்சம் இவையெல்லாம் நிஜமாகவே இருக்கின்றன என்று அவனுக்கு அப்போதுதான் நம்பிக்கை வருகிறது. அதுவரை எல்லாம் நாடகக் கொட்டகையின் படுதா. படுதாவை இழுத்து நிஜமாக்கியது காசு. இதை உணரும்போது அவனுக்கு வரும் சந்தோஷத்தில் கொஞ்சம் அருவருப்பும் கலந்திருக்கிறது. ரூனி தன்னை மார்க்சியர் என்று சொல்லிக்கொள்பவர். அவர் கட்டுரையாக எழுதியிருந்தால் படித்திருக்கமாட்டேன். இந்த மத்தியானத்தைப் படித்தேன்.

*

கொனல் கழுத்தில் மெல்லிய வெள்ளிச் சங்கிலி. மரியானின் டப்ளின் நண்பர்கள் அதை மலிவு ரசனை என்று கேலி செய்கிறார்கள். நாவல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அதே சங்கிலி உலகப் புகழ் பெற்றது தனிக்கதை. நம்மூரில் ஆண் கழுத்துச் சங்கிலி என்றால் எத்தனை பவுன் என்று கண் எடைபோடும். அங்கே அது ஏழ்மையின் அடையாளம். மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் என்ன செய்வார்?

*

மொழிபெயர்ப்பு என்றதும் ஞாபகம். ரூனி பேச்சுக்கு மேற்கோள் குறி போடுவதில்லை. பேசியது, நினைத்தது, கதைசொல்லி சொன்னது எல்லாம் ஒரே ஓட்டம். தமிழில் அது ஒன்றும் கஷ்டமில்லை, ‘என்றான்’ ‘என்றாள்’ பார்த்துக்கொள்ளும்.

கஷ்டம் வேறு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. தமிழில் நீயா, நீங்களா? கொனல் மரியானை நீ என்பான், சரி. அவள் அவனை நீ என்பாள், அதுவும் சரி. லொரெய்ன் மரியானை? நான் ‘நீ’ என்றே போடுவேன். வாத்சல்யத்தின் நீ. லொரெய்ன் தன் முதலாளியம்மா டெனீஸை? ‘நீங்க’தான், வேறு வழியில்லை. டெனீஸ் லொரெய்னை? அங்கே ‘நீ’ போட்டால் ஒரு கதை, ‘நீங்க’ போட்டால் வேறு கதை. ஆங்கிலம் மூடிவைத்த வர்க்கத்தைத் தமிழ் வினைமுற்று ஒரு நொடியில் திறந்து காட்டிவிடும். ரூனி நானூறு இடத்தில் சொல்லாமல் விட்டதை நாம் நானூறு இடத்திலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு பல்பொருள் அங்காடியில் லொரெய்னும் மரியானும் டெனீஸும் எதிர்ப்படும் காட்சி வருகிறது. டெனீஸ் கண்டும் காணாமல் போகிறாள். அங்கே பேச்சே இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் தப்பித்தார்.

தலைப்பு இன்னொரு தொல்லை. ‘சாதாரண மனிதர்கள்’ என்றால் ஏழை எளியவர்கள் என்று ஆகிவிடும். ‘இயல்பானவர்கள்’ மருத்துவ அறிக்கை. ‘சராசரி’ கணக்கு வகுப்பு. நாவலில் இருவருமே ஒவ்வொரு சமயத்தில், தான் மட்டும் ஏன் மற்றவர்களைப்போல இல்லை என்று ஏங்குகிறார்கள். ‘எல்லாரையும் போல’ என்று வைக்கலாமா? நம் அம்மாக்கள் சொல்வது அதுதான், எல்லாரையும் போல இருக்கமாட்டியா என்று.

*

ஒரு புகார்.

தப்புச் செய்யும் மனிதர்களைக் கருணையோடு எழுதுபவர் ரூனி என்று பேர். பாதி உண்மை. யார்மேல் அவருக்குப் பிரியமோ அவர்கள் தப்புக்கு மட்டும்தான் காரணம் கிடைக்கிறது. மரியானின் அண்ணன் ஆலன் அவளைச் சீண்டுகிறான், எச்சில் துப்புகிறான், கடைசியில் மூக்கை உடைக்கிறான். ஏன் இப்படி? அப்பா அம்மாவை அடித்தவர் என்று ஒரு தகவல். அதற்கு மேல் கிடையாது. அந்த வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு முழு நாவல், ஒருவனுக்கு முஷ்டி மட்டும். வழக்கறிஞரான அம்மா டெனீஸ், ஆண்கள் மகளிடம் கோபத்தைக் காட்டுவது சகஜம் என்று விட்டுவிட்டவள். அவளும் ஓர் அடிபட்டவள். ஒரு பக்கமாவது அவள் கண்ணால் பார்த்திருக்கலாம்.

ஜேமி வெறும் பணக்காரத் திமிர். லூகாஸ் வெறும் கேமரா. கொனலின் இன்னொரு காதலி ஹெலன் மட்டும் கொஞ்சம் மூச்சு விடுகிறாள். நல்ல பெண், மரியானைக் கண்டால் பொறாமை, அதைச் சொல்லிவிடும் நேர்மையும் உண்டு. மூச்சு விடத் தொடங்கியதும் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறார்.

மூக்குடைந்த இரவு கொனல் காரில் வந்து மரியானை மீட்பதும், இனித் தொட்டால் கொன்றுவிடுவேன் என்று ஆலனை மிரட்டுவதும் எனக்கு உறுத்துகிறது. விசில் பறக்கும் இடம். ஐநூறு பேர் உட்கார்ந்திருக்கும் தியேட்டரில் நானும் அடித்திருப்பேன். ஆனால் இந்த நாவலுக்கு அது வேண்டுமா?

*

ராப். பள்ளிக்கூடத்துச் சேக்காளி. டெப்ஸ் இரவில் தன் காதலியின் அந்தரங்கப் படங்களைக் கைப்பேசியில் காட்டிச் சிரிப்பவன். கொனலுக்குக் குமட்டுகிறது. அத்தோடு ராபை நாமும் மறந்துவிடுகிறோம். இரண்டரை வருஷம் கழித்து, அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்று செய்தி.

நாலு பேர் மெச்சவேண்டும் என்பதற்காக எதையும் காட்டிக்கொடுக்கத் தயாராக இருந்தவன் ராப். அதே நாலு பேருக்காக மரியானைக் காட்டிக்கொடுத்தவன் கொனல். வித்தியாசம் அளவில்தான். ராபோடு தொடர்பை விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வு கொனலைச் சாய்க்கிறது. படுக்கையிலிருந்து எழமுடியாத நாட்கள். அறைத்தோழன் நியால் சொல்லித்தான் கல்லூரி ஆலோசகரிடம் போகிறான். காத்திருக்கும் இடத்தில் ஒரு படிவம்: உங்கள் வருத்தம் எந்த அளவு என்று குறியுங்கள். நாவல் முழுக்க வாய் திறக்காத பையன் தன் துக்கத்துக்கு முதலில் கொடுக்கும் வடிவம் ஒரு டிக் குறி. பிறகு அறைக்குள் அவன் அழுதுகொண்டே பேசுகிறான். இவ்வளவு நீளமாக அவன் வேறு எங்கும் பேசவில்லை, அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம்.

*

நூலகத்தில் கொனல் ‘எம்மா’ நாவலைப் படிக்கும் இடம். அதன் நாயகன் நைட்லி வேறொருத்தியைக் கட்டிக்கொள்வாரோ என்று கதை நெருங்கும்போது நூலகம் மூடும் நேரம். புத்தகத்தை மூடிவிட்டு நடக்கிறான், மனது ஒருநிலையில் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கல்யாண விவகாரத்துக்கு நாம் ஏன் இப்படித் தவிக்கிறோம் என்று தன்னைப் பார்த்தே சிரிப்பு வருகிறது.

காதல் நாவல் என்றாலே உதட்டைப் பிதுக்கும் நண்பர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுவதுண்டு. அதே கொனல் பின்னால் ஓர் இலக்கிய வாசிப்புக் கூட்டத்துக்குப் போய், வந்தவர்கள் புத்தகத்தைவிடத் தாங்கள் புத்தகம் படிப்பவர்கள் என்பதில்தான் மயங்கியிருக்கிறார்கள் என்று கண்டு கசந்து வருவான். அந்தக் கூட்டம் எந்த ஊரிலும் நடக்கும். வடையும் உண்டு.

*

தொடர் 2020 ஏப்ரலில் வந்தது. ஊரடங்கு. பிபிசி த்ரீயும் ஹுலுவும் சேர்ந்து பன்னிரண்டு பகுதி, ஒவ்வொன்றும் அரைமணி. பால் மெஸ்கல், டெய்சி எட்கர்-ஜோன்ஸ். யாரும் யாரையும் தொடமுடியாத மாதத்தில், தொடுவதைத் தவிர வேறு மொழி தெரியாத இருவரின் கதை. படுக்கைக் காட்சிகளுக்கென்றே ஒரு நெறியாளரை வைத்து எடுத்தார்கள். நடனம் சொல்லிக்கொடுப்பதுபோல, எந்தக் கை எங்கே என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வது அவர் வேலை. கதையில் வருபவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்திருக்கலாம், படுக்கைக்கு அல்ல, மற்ற நேரத்துக்கு.

*

முடிவு. 2015 பிப்ரவரி. கொனலுக்கு நியூயார்க்கில் எழுத்துப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விண்ணப்பித்ததையே மரியானிடம் சொல்லவில்லை. நாலு வருஷம், இத்தனை கண்ணீர், இத்தனை மின்னஞ்சல், அதற்குப் பிறகும் சொல்லவில்லை. கிடைக்காது என்று நினைத்தானாம். திருந்திவிட்டார்கள் என்று நாம் நிம்மதியாகச் சாயும் நேரத்தில் பழைய கொனல் எட்டிப் பார்க்கிறான்.

மாறியது ஒன்று உண்டு. இந்த முறை மரியான் தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. போ என்கிறாள், தான் இங்கேதான் இருப்பேன் என்கிறாள். 2012இல் வாய்க்குள்ளேயே நின்றுபோனது இப்போது வெளியே வருகிறது, வேறு திசையில். அவள் பேச்சோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. அவன் என்ன பதில் சொன்னான் என்பது அச்சில் இல்லை.

*

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று தோழிக்குப் போன் செய்தேன். எந்தப் புத்தகம் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘‘அந்தப் பையன் அமெரிக்கா போனானா, இல்லையா?’’ என்றாள்.

‘‘தெரியல. போயிருப்பான்.’’

‘‘போனா நல்லதுதான்’’ என்றாள். ‘‘ஆனா நியூயார்க்ல வாடகை எவ்வளவுன்னு யாராவது அவன்கிட்ட கேட்டீங்களா?’’